துளையை அடைக்கவா, திறந்து வைக்கவா?

தண்ணீர்ப் பானை, குழம்புச் சட்டி, செடித் தொட்டி மூன்றும் ஒரே மண்ணில் பிறந்தவை. ஆனால் ஒன்றுக்குச் செய்யும் பக்குவம் இன்னொன்றைக் கெடுத்துவிடும். தருமபுரித் தண்ணீரையும் வெயிலையும் கணக்கில் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி.

பங்குனி பிறந்துவிட்டால் தருமபுரி மாவட்டத்தின் சாலையோரங்களில் பானைகள் வந்து இறங்கிவிடும். குழாய் வைத்த பானை, மூடியோடு கூஜா, மீன்குழம்புச் சட்டி, தோசைக்கல் என்று தார்ப்பாய் விரித்து அடுக்கியிருப்பார்கள். போகிற காரெல்லாம் ஓரங்கட்டும். தட்டிப் பார்த்து, பேரம் பேசி, மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

அதே பானைகளில் பாதிக்கு மேல் ஆடி வருவதற்குள் மொட்டை மாடிக்குப் போய்விடுகின்றன. கேட்டால் பதில் தயாராக இருக்கும். முன்னே மாதிரி ஜில்லென்று இல்லை, சட்டி அடியில் விரிசல் விட்டுவிட்டது, உள்ளே பூஞ்சை பிடித்து நாற்றம் அடிக்கிறது, வெளியே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. கடைசியில் பழி பானை மேல் விழும். "அந்தக் காலத்துப் பானை மாதிரி வருமா?" என்று ஒரு பெருமூச்சோடு பேச்சு முடியும்.

பானை அப்படி ஒன்றும் மாறிவிடவில்லை. அதைப் பழக்கும் முறைதான் வீட்டில் கைமாறாமல் போயிற்று. பாட்டி வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு ஒரு பக்குவம், குழம்புச் சட்டிக்கு வேறொரு பக்குவம் இருந்தது. இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றையே சொல்கிறது: அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவை, எண்ணெய் தடவு. சட்டிக்கு அது சரி. தண்ணீர்ப் பானைக்கு அதைச் செய்தால், அதைக் குளிர வைக்கும் வழியையே நம் கையால் அடைத்துவிடுகிறோம். ஏன் என்று புரிந்துகொள்ள, பானையின் சுவருக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஏரி மண் பானையாகும்போது

ஏரியிலிருந்து எடுத்த களிமண்ணைக் காய வைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, நீர்விட்டு ஊற வைத்து, மணல் கலந்து காலால் மிதிப்பார்கள். மணல் ஒப்புக்குச் சேர்ப்பதில்லை. சுடும்போதும், பின்னால் அடுப்பில் ஏறும்போதும் சுவர் விரிந்து சுருங்க அதுதான் இடம் கொடுக்கிறது. சக்கரத்தில் வனையும்போது நம் ஊர்ப் பானைக்கு அடி இருக்காது. கழுத்தும் உடம்பும் மட்டும் தடிமனாக உருவாகும். ஈரம் பாதி வற்றியதும் உள்ளே ஓர் உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, சுவரை மெலிதாக்கி அடியை மூடுவார்கள். உருண்டையான அடி அப்படி வருவதுதான். மூலை இல்லாத வடிவம் என்பதால் சூடு ஓர் இடத்தில் குவிந்து விரிசல் விடாது. மூன்று கல் அடுப்பிலும் பாந்தமாக உட்காரும்.

பிறகு நிழலில் உலர்த்தி, சூளையில் அடுக்கி, வைக்கோல், தேங்காய் மட்டை, விறகு வைத்து மேலே மண் பூசிச் சுடுவார்கள். ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது களிமண்ணின் அமைப்பிலேயே பிணைந்திருக்கும் நீர் வெளியேறுகிறது. அதன் பிறகு அந்த மண் தண்ணீரில் கரையாது. கிராமத்துச் சூளைகள் பெரும்பாலும் 600 முதல் 900 டிகிரி வரை எட்டும். பீங்கானைப் போல மண் உருகிக் கண்ணாடியாக இறுகுவதற்கு 1,100 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த நிலைக்குப் போகாததால் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் மிஞ்சுகின்றன. பானை தரும் நன்மைகளும் அது கொடுக்கும் தொல்லைகளும் பெரும்பாலும் இந்தத் துளைகளிலிருந்துதான் கிளம்புகின்றன.

தகடூர் என்று அன்று அழைக்கப்பட்ட தருமபுரி மண்ணில் இது பழைய கைவேலை. தருமபுரி மாவட்டம் மோதூரில் மாநிலத் தொல்லியல் துறை 2004–05-இல் நடத்திய அகழாய்வு புதிய கற்கால வாழ்விடம் ஒன்றை வெளிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு வந்த தென்னிந்தியப் பெருங்கற்காலத்தின் அடையாளமே உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான மண்கலம். காற்றுப் படும் பக்கம் சிவப்பதும், காற்றுப் படாத பக்கம் கருப்பதும் சூளையின் வேலை. வண்ணம் பூசாமலே நெருப்பால் நிறம் கொடுக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள்.

தண்ணீர்ப் பானை: திறந்தே இருக்கட்டும்

பானைக்குள் இருக்கும் தண்ணீர் துளைகள் வழியே வெளிச்சுவருக்குக் கசிந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை மீதித் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. 10 லிட்டர் பானையில் 100 மில்லி ஆவியானால் போதும். வெளியிலிருந்து வெப்பம் ஏறாத பட்சத்தில் மீதி நீர் ஏறத்தாழ 6 டிகிரி குளிரும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. காற்றில் ஈரப்பதம் எவ்வளவோ, அதைப் பொறுத்தே குளிர்ச்சி. வெயில் 38 டிகிரியும் ஈரப்பதம் 30 விழுக்காடுமாக இருக்கும் வறண்ட பகலில், ஆவியாதலால் தண்ணீர் அதிகபட்சம் 24 டிகிரி வரை இறங்கலாம். கடலோரத்தில் வெயில் 36, ஈரப்பதம் 65 விழுக்காடு என்றால் 30 டிகிரியோடு நின்றுவிடும். சென்னையில் உறவினர் வீட்டுப் பானையைவிட பென்னாகரத்துப் பானை ஜில்லென்று இருப்பதற்குக் காரணம் காற்றின் வறட்சி. மழைக்காலத்தில் எந்தப் பானையும் கோடையைப் போலக் குளிராது என்பதற்கும் இதே விளக்கம்தான்.

ஆக, தண்ணீர்ப் பானைக்குச் செய்ய வேண்டியது துளைகளைத் திறந்து வைப்பதும், காற்றுப் பட வைப்பதும். புதுப் பானையை ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணீரில் ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினால் போதும். எண்ணெய் வேண்டாம், கஞ்சி வேண்டாம். சமையலறை மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல், ஜன்னல் காற்று வரும் நிழலில் பிரிமணை மேலோ இரும்பு வளையத்தின் மேலோ தூக்கி வைக்க வேண்டும். அடியில் ஈர மணல் போட்டால் இன்னும் நல்லது. சிலர் கசிகிறதே என்று வெளிப்பக்கம் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து அது வெறும் கனமான குடம்.

இரண்டு மாதத்தில் குளிர்ச்சி குறைவது ஏன்? தருமபுரியின் பெரும்பகுதி பாறைப் பூமி. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் உப்பும் கடினமும் நிறைந்தது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். அதிலிருந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள் துளை வாயில் தங்கிவிடும். நாளடைவில் வெளிச்சுவர் வெளுத்துப்போகும், வியர்ப்பது நிற்கும், தண்ணீர் குளிராது. இதற்கு வைத்தியம் உண்டு. பானையை வெயிலில் நன்றாகக் காய வைத்து, உலர்ந்த நாரால் வெள்ளைப் பூச்சைத் தேய்த்து உதிர்க்க வேண்டும். பிறகு மழைநீரிலோ உப்புக் குறைந்த நீரிலோ ஒரு நாள் ஊற வைக்க வேண்டும். அப்படியும் போகாவிட்டால் புளிக்கரைசலையோ நீர் கலந்த வினிகரையோ அரைமணி நேரம் தடவி வைத்து, இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அதன் பிறகும் வியர்க்கவில்லை என்றால் அந்தப் பானையின் தண்ணீர்ப் பணி முடிந்தது, தோட்டத்துக்கு மாற்றிவிடலாம்.

சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் பக்கத்திலேயே வரக்கூடாது. துளைகள் அவற்றை உறிஞ்சி, பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். தினமும் பழைய நீரைக் கொட்டி நிரப்புவது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நார் போட்டுத் தேய்ப்பது, வாரம் ஒரு நாள் கவிழ்த்து வெயில் காட்டுவது என்பதே போதுமான பராமரிப்பு. குழாய் வைத்த பானையில் அழுக்கு முதலில் சேர்வது குழாய்க்குள். அதைக் கழற்றித் தேய்க்க வேண்டும். குழாய் இல்லாத பானையில் டம்ளரை விட்டு மொள்ளாமல், நீளக் காம்புள்ள கரண்டியால் எடுப்பது கைக்கிருமி சேராமல் காக்கும். வாயில் துணி கட்டினால் கொசு முட்டையிடாது.

குளிரும், ஆனால் சுத்தமாகுமா?

பானையில் ஊற்றி வைத்தால் தண்ணீரின் கெடுதல் எல்லாம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். வேறு ஊரில் இந்த நம்பிக்கை அவ்வளவு ஆபத்தில்லாமல் இருக்கலாம். தருமபுரியில் அப்படி விட முடியாது. இந்த மாவட்டத்தின் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. பல்லில் பழுப்புக் கறை, அளவு மிகுந்து ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டு இறுக்கம், எலும்பு வளைவு என்று இதன் விளைவுகளைத் தலைமுறைகளாகப் பார்த்த ஊர்கள் இங்கே உண்டு. ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் திட்டத்தின் பெயரிலேயே இந்தப் பாதிப்பான ஃபுளோரோசிஸின் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. ஜப்பானிய நிதியுதவியுடன் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் அமைந்த அந்தத் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இதற்குச் சுவையோ மணமோ கிடையாது. காய்ச்சினால் போகாது; நீர் சுண்டும்போது அடர்த்திதான் கூடும். பானையிலும் அதே கதை: 1.5 மில்லிகிராம் இருந்த நீரில் பத்தில் ஒரு பங்கு ஆவியானால், மீதியில் அது 1.67 ஆகிறது.

சுட்ட மண்ணுக்கு ஃபுளோரைடைப் பிடித்து வைக்கும் குணம் ஓரளவு உண்டு என்பது உண்மைதான். இலங்கையில் இதே சிக்கல் உள்ள வறண்ட பகுதிகளுக்காக, புதிதாகச் சுட்ட செங்கல் துண்டுகள், கூழாங்கல், சிரட்டைக் கரி ஆகியவற்றை அடுக்கிய வீட்டு வடிகட்டிகளை உருவாக்கினார்கள். அங்கே தண்ணீர் ஓர் அடுக்குச் செங்கல் முழுவதன் ஊடாகவும் மெதுவாகப் போகிறது. பிடிமானம் தீர்ந்ததும் செங்கலை மாற்றியாக வேண்டும். பானையின் மெல்லிய சுவர் அந்த வேலையைச் செய்யாது. முதலில் கொஞ்சம் பிடித்தாலும் சீக்கிரமே நிறைந்துவிடும்.

கிருமி விஷயமும் இப்படித்தான். களிமண்ணோடு மரத்தூளோ உமியோ கலந்து சுட்டு, வெள்ளித் துகள் பூசிய வடிகட்டிப் பானையை 1981-இல் குவாத்தமாலாவில் வடிவமைத்தார்கள். இன்று பல நாடுகளில் அது பயன்படுகிறது. அதில் குடிக்கும் நீர் பானையின் சுவரைக் கடந்து கீழே சொட்டும். மணிக்கு இரண்டு லிட்டர் போலத்தான் கிடைக்கும். நம் பானையில் நாம் குடிப்பது சுவரைக் கடக்காத தண்ணீர். ஊற்றியது எதுவோ அதுதான் மொள்ளும்போதும் வரும். ஆகவே ஒகேனக்கல் குடிநீரையோ வடிகட்டிய நீரையோ ஊற்றுங்கள். போர் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டிய நிலை என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

குழம்புச் சட்டி: அடைத்துப் பழக்குங்கள்

சமையல் சட்டிக்கு வரும்போது கணக்கு தலைகீழ். இங்கே துளை திறந்திருந்தால் குழம்பு சுவருக்குள் இறங்கும்; புளித்து நாறும்; அடி கசியும். பழக்குவது என்று சொல்வதெல்லாம் துளைகளை உணவுப் பொருளாலேயே அடைப்பதுதான்.

புதுச் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் மூழ்க வைத்து எடுத்து, காய வைக்க வேண்டும். பிறகு அரிசி கழுவிய நீரையோ வடிகஞ்சியையோ ஊற்றி, சிறு தீயில் அரைமணி நேரம் கொதிக்க விட்டு, அப்படியே ஆற விட வேண்டும். கஞ்சியில் உள்ள மாவுச்சத்து துளைக்குள் போய் வீங்கிக் கெட்டிப்படும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து, காய்ந்த சட்டியின் உட்புறம் மெலிதாக நல்லெண்ணெய் தடவிச் சிறு தீயில் சூடு காட்டினால், எண்ணெய் இறுகி மேலும் ஒரு பூச்சாகும். முதல் சமையலுக்கு மீன்குழம்பை வைக்க வேண்டாம். கீரை, பருப்பு என்று தொடங்கி, சட்டி பழகிய பிறகு புளிக்குழம்புக்குப் போகலாம். மீனுக்கும் கருவாட்டுக்கும் தனிச் சட்டி என்ற பழைய கட்டுப்பாட்டுக்கும் பொருள் உண்டு: துளையில் ஏறிய வாசம் லேசில் இறங்காது.

அலுமினியம் மண்ணைவிட 200 மடங்கு போல வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் மண்சட்டி மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். பெரிய தீயில் ஏற்றினால் அடி விரியும், மேல்பகுதி விரியாது; விரிசல் அங்கேதான் தொடங்கும். ஈரச் சட்டியை, வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றக் கூடாது. கொதிக்கும் குழம்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. இறக்கியதும் ஈரத் தரையிலோ கிரானைட் மேடையிலோ வைக்காமல், பிரிமணையிலோ பலகையிலோ வைக்க வேண்டும். குழம்பு முழுதாகக் கொதித்து முடிய நாலைந்து நிமிடம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடலாம். மீதியைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்ளும். தட்டையான கேஸ் அடுப்புக்குத் தட்டையடிச் சட்டி வசதி. இண்டக்‌ஷன் அடுப்பில் மண்சட்டி சூடாகாது.

தருமபுரி வீடுகளில் மண்சட்டிக்கு இன்னமும் அசைக்க முடியாத இடம் இருப்பது கடைசலில். கீரையானாலும் கொள்ளானாலும், உட்புறம் சொரசொரப்பான சட்டியில் மத்தைப் போட்டுக் கடையும்போது கிடைக்கும் மசிவு மிக்ஸியில் வராது. மிக்ஸி வெட்டும், மத்தும் சட்டியும் சேர்ந்து நசுக்கும். ராகிக் களிக்குப் பக்கத்தில் வைக்கும் கடைசலின் சுவை பாதி இந்தச் சொரசொரப்பில் இருக்கிறது. அதை இரும்பு நார் போட்டுத் தேய்த்து வழுவழுப்பாக்கிவிட்டால் சட்டியின் ஆயுசு முடிந்தமாதிரி. சாம்பலோ கடலைமாவோ போட்டு, தேங்காய் நாரால் கழுவினால் பிசுக்குப் போகும். கழுவியதும் கவிழ்த்து வைத்து அடுக்கிவிடாமல், முழுக்கக் காய்ந்த பிறகே அலமாரியில் வைக்க வேண்டும். பூஞ்சை பிடிப்பதற்குப் பெரும்பாலும் இந்த ஈரம்தான் காரணம். பிடித்துவிட்டால் நன்றாகத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, நாலைந்து நாள் கடும் வெயிலில் காய விடலாம். அதற்குப் பிறகும் வாசம் இருந்தால் சமையலுக்கு வேண்டாம்.

தயிருக்கு மட்டும் அடைக்காத கலயம்தான் நல்லது. பாலின் நீர் சுவரில் இறங்குவதால் தயிர் கெட்டியாக உறையும். உப்பையும் ஊறுகாயையும் மண்கலத்தில் நெடுநாள் வைக்க வேண்டாம்; துளைக்குள் ஏறிய உப்பு படிகமாகி விரியும்போது சுவர் தகடு தகடாக உதிரும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி வந்தது இதனால்தான்.

மண்சட்டியில் சமைத்தால் புளியின் அமிலம் சமனாகும், நோய் தீரும் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். அதை நம்பி வாங்க வேண்டாம். ஒரே சீரான சூடும் நெடுநேரம் ஆறாத தன்மையும்தான் சுவைக்குக் காரணம். வாங்குவதற்கு அவையே போதும். இதற்கு நேர்மாறாக, கவனிக்க வேண்டிய ஆபத்து பளபளப்பில் இருக்கிறது. பெயின்ட், வார்னிஷ், கண்ணாடிப் பூச்சு போட்ட சட்டிகள் அலங்காரத்துக்கானவை. மலிவான கண்ணாடிப் பூச்சில் ஈயம் கலந்திருந்தால், புளியும் தக்காளியும் அதைக் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும். செம்மண் காவி தடவிய சட்டியும், புகை மூட்டிச் சுட்ட கருப்புச் சட்டியும் வேறு. அவற்றுக்கு இந்த அச்சம் இல்லை. ஈரத்துணியால் துடைக்கும்போது கையில் சாயம் ஒட்டினால், அந்தச் சட்டியை வாங்காதீர்கள்.

தொட்டியும் புதைத்த பானையும்

தோட்டத்தில் துளைகள் இரண்டு வேலை செய்கின்றன: வேருக்குக் காற்றுக் கொடுக்கின்றன, மண்ணின் ஈரத்தைத் திருடுகின்றன. துளசி, கற்பூரவல்லி, சோற்றுக்கற்றாழை, அடினியம் போல வேர் அழுகலுக்கு அஞ்சும் செடிகளுக்கு மண்தொட்டி வரம். கீரைக்கும் புதினாவுக்கும் தருமபுரிக் கோடையில் பகலுக்குள் தொட்டி காய்ந்துவிடும். அவற்றை நெருக்கி வைப்பது, மேலே தேங்காய் நார்க்கழிவோ சருகோ பரப்புவது, மேற்கு வெயில் நேரே படாத இடம் பார்ப்பது ஆகியவை உதவும். புதுத் தொட்டியை ஊற வைத்த பிறகே மண் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாற்றுக்கு ஊற்றும் முதல் தண்ணீரைத் தொட்டியே குடித்துவிடும். அடித்துளை மேல் ஓர் ஓட்டுச் சில்லை வைத்தால் மண் வெளியேறாது, அது போதும். வடிகால் நன்றாக இருக்கட்டும் என்று அடியில் ஜல்லி நிரப்புவதால் பயனில்லை. மண் நன்றாக நனைந்து நிறையும் வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது. வேர் இருக்கும் இடத்திலேயே ஈரம் தேங்கும்.

பழைய தண்ணீர்ப் பானையைத் தொட்டியாக்க நினைத்தால், அதை ஒரு இரவு ஊற வைத்துவிட்டு, சுத்தியல் அடி இல்லாமல் மெதுவாகத் துளையிடுங்கள். அடியில் தட்டு வைத்தால், அதில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது. தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

வறண்ட மாவட்டத்துக்கு இன்னும் பெரிய உதவி, புதைத்த பானை. குறுகிய வாயுள்ள, பெயின்ட் படாத பானையைச் செடிக்கு ஒரு சாண் தள்ளிக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி, ஓடு போட்டு மூடிவிட வேண்டும். சுற்றியுள்ள மண் காய்ந்தால் பானையிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். ஈரமாக இருந்தால் கசிவு தானே குறையும். மேலே ஊற்றும் தண்ணீரைப் போல வெயிலில் வீணாகாது, களையும் அதிகம் முளைக்காது. சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டு வேளாண் நூல் ஒன்று இதை விவரிக்கிறது. இந்தியாவில் கர்னாலில் உள்ள மத்திய மண் உவர் ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் இதைச் சோதித்துப் பார்த்தது. காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் புதிதாக மாங்கன்று நடுபவர்கள், முதல் இரண்டு கோடையைக் கடக்க ஒரு கன்றுக்கு இரண்டு பானை வைத்துப் பார்க்கலாம். உப்புநீர் ஊற்றினால் இங்கும் துளை அடைபடும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் வியர்ப்பது நின்ற பானை இதற்கு உதவாது.

பாலக்கோட்டுத் தக்காளிக்கும் பானையில் ஒரு பாடம் இருக்கிறது. வடக்கு நைஜீரியாவில் ஆசிரியர் முகமது பா அப்பா, 1990-களில் ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, நடுவே ஈர மணலை நிரப்பிக் காய்கறிகளைக் காக்கும் முறையைப் பரப்பினார். சில நாளில் கெடும் தக்காளியும் மிளகாயும் அதில் வாரக்கணக்கில் தாங்கின. ரோலெக்ஸ் விருது அவரைத் தேடி வந்தது. குஜராத்தின் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி இதே ஆவியாதலை வைத்து, மின்சாரம் வேண்டாத 'மிட்டிகூல்' களிமண் பெட்டியை உருவாக்கினார். இவையும் வறண்ட காற்றை நம்பியவை. வியாபாரிக்கு லாரிக் கணக்கில் இது உதவாது. விலை விழுந்த நாளில் வீட்டுக்கென்று எடுத்து வைக்கும் இரண்டு கிலோவுக்கு உதவும். நாளுக்கு இருமுறை மணலை நனைக்க வேண்டும்.

வாங்கும்போது

• விரல் முட்டியால் தட்டுங்கள். மணி போலக் கணீரென்றால் சூடு ஏறியது. சொத்தென்றால் விரிசலோ பச்சையோ.

• கடையிலேயே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சுவர் முழுக்க மெதுவாக ஈரமாவது வியர்வை. ஓர் இடத்தில் மட்டும் கோடாக ஈரம் தெரிந்தால் விரிசல்.

• உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். சுவர் தடிமன் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்திருந்தால் அடுப்பில் தாங்காது.

• தண்ணீருக்கு மெல்லிய சுவர், செடிக்குத் தடித்த சுவர், சமையலுக்கு மணல் கலந்த சொரசொரப்புச் சுவர்.

மண்ணும் மனிதரும்

பானை வாங்கும் நாட்கள் நமக்கு இரண்டுதான்: கோடையும் பொங்கலும். செய்பவருக்கு ஆண்டு முழுக்க வயிறு இருக்கிறது. கார்த்திகைக்கு அகல், ஆவணிக்குப் பிள்ளையார், ஆடிக்குக் கூழ்ப்பானை என்று சக்கரம் சுற்றினாலும், மழை பிடித்துவிட்டால் வனைந்தது காயாது, சூளை எரியாது. மழைக்காலத்துக்கு மண்பாண்டத் தொழிலாளர் நலவாரியம் வழியே 5,000 ரூபாய் நிவாரணம் கிடைக்கிறது. பொங்கல் பரிசுத் தொகுப்பில் மண்பானையையும் அடுப்பையும் சேர்க்க வேண்டும் என்பது தொழிலாளர்களின் பல ஆண்டுக் கோரிக்கை.

மண் எடுப்பதுதான் நெடுநாள் தலைவலி. 2024-இல் தமிழக அரசு விதியைத் திருத்தி, ஏரி, குளங்களில் களிமண்ணும் வண்டலும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்றது. மண்பாண்டத்துக்கு 60 கன மீட்டர் வரை எடுக்கலாம். 2018 முதல் காதி கிராமத் தொழில் ஆணையம் மின்சக்கரங்களையும் வழங்கிவருகிறது. மானாமதுரைப் பானைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தருமபுரிப் பானைக்கு அப்படிப் பெயர் ஏதும் இல்லை. அதைக் காப்பாற்ற வேண்டியது உள்ளூர் வாடிக்கையாளர்தான்.

அதற்கு மிகச் சுலபமான வழி, சாலையோரக் குவியலில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல், செய்யும் இடத்துக்கே போய்ச் சொல்லி வாங்குவது. எத்தனை மணல் சேர்ப்பது, எவ்வளவு மெலிதாகத் தட்டுவது, சூளையில் எந்த அடுக்கில் வைப்பது என்பதை வனைபவரால் தேவைக்கேற்ப மாற்ற முடியும். இடைத்தரகரிடம் அந்தத் தகவலும் இருக்காது, அந்தக் காசும் செய்தவருக்கு முழுதாகப் போய்ச் சேராது. "ஒரு பானை கொடுங்க" என்று நிறுத்திவிடாமல், தண்ணீருக்கா, குழம்புக்கா, மாங்கன்றுக்கா என்பதையும், வீட்டில் வருவது ஒகேனக்கல் நீரா போர் நீரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கேற்ற பானை கிடைக்கும். அதை எப்படிப் பழக்குவது என்று அவரே சொல்லியும் அனுப்புவார்.